மீனாட்சிபுரத்து அக்காவின் தையல் கடை: இப்போது எப்படி இருக்கிறது?

அக்கா இறந்த பிறகும் அந்தக் கடையில் தைக்கக் கொடுக்கலாமா என்று தெரிந்தவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். கொடுக்கலாம். லைனிங் ஜாக்கெட், பள்ளி யூனிஃபார்ம், குழந்தைகளின் ஞானஸ்நான கவுன், இவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். கல்யாண கவுன் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். கொக்கி ஊசியில் போடும் ஆரி எம்பிராய்டரி வேலை வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். ஆனால் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றி எழுத எனக்கு வழி தெரியவில்லை.

கடைக்குப் பெயர் கிடையாது. நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் ஒரு சந்துக்குள், வீட்டின் முன் திண்ணையை அடைத்துக் கட்டிய அறை. 'லேடீஸ் டெய்லர்' என்று எழுதிய தகரப் பலகையில் இப்போது 'லே' மட்டும் தெளிவாகத் தெரியும். உள்ளே கால் மிதி மெஷின் ஒன்று, மோட்டார் வைத்தது ஒன்று, மூலையில் துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின். வெட்டுகிற மேசைக்குக் கீழே வாடிக்கையாளர்களின் துணிப் பைகள் தேதி வாரியாக அடுக்கியிருக்கும். சுவரில் பைபிள் வசனக் காலண்டர், அதற்குப் பக்கத்தில் விலைப் பட்டியல். எல்லாருக்கும் அது 'அக்கா கடை'தான். எழுபது வயதுப் பாட்டியும் அக்கா என்பார், என் மகளும் அக்கா என்பாள்.

டெய்லர்களைப் பற்றி நம் எல்லாருக்கும் இருக்கும் மனக்குறை ஒன்றுதான்: சொன்ன தேதிக்குக் கொடுக்க மாட்டார்கள். 'நாளைக்கு வாங்க' என்ற சொல்லிலேயே பாதி ஊரின் தையல் தொழில் ஓடுகிறது. அக்கா அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. தேதி கேட்டால் நோட்டைப் புரட்டிப் பார்ப்பார், விரலால் எண்ணுவார், முடியுமென்றால் ஒரு தேதி எழுதுவார். முடியாதென்றால், "இல்ல மக்களே, என்னால ஆகாது. வேற எடத்துல குடு, கேட்டியா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அப்படிச் சொல்லக் கேட்டவர்கள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வியாபாரத்தில் வருகிற ஆளைத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டதற்கு, "பொய் சொல்லித் துணிய வாங்கி வைக்கச் சொல்லுதியா?" என்றார். பைபிளில் அவர் மிகவும் சீரியஸாக எடுத்துக்கொண்டது 'உள்ளதை உள்ளதென்று சொல்' என்கிற அந்த இடம்தான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் ஜெபத்தில் காட்டும் பக்தியை அவர் டெலிவரி தேதியில் காட்டினார்.

அளவெடுக்கும் விதமே தனி. பெரும்பாலான கடைகளில் டேப்பைப் பிடித்துக்கொண்டு எண்களை உரக்கச் சொல்லுவார்கள், ஒரு பையன் எழுதுவான், வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் நம் இடுப்புச் சுற்றளவு தெரிந்துவிடும். அக்கா வாயைத் திறக்க மாட்டார். டேப்பைப் பிடிப்பார், பார்ப்பார், திரும்பி நோட்டில் எழுதுவார். போன வருடத்தைவிட நாலு இஞ்ச் கூடியிருந்தாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டு தோளையும் தனித்தனியாக அளப்பார். கைப்பை மாட்டி மாட்டி முக்கால்வாசிப் பேருக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்கும். ஒரு தோளை அளந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டினால் கழுத்து ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே இருக்கும். எனக்கு இடது தோள் தாழ்வு. அது எனக்கே அவர் சொல்லித்தான் தெரியும்.

லைனிங் துணியை வாங்கியவுடன் வெட்ட மாட்டார். ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டுக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் கத்திரி படும். பருத்தி சுருங்கும், மேல் துணியாகிற பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது. ஊறவைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே ஜாக்கெட் உள்ளே இழுத்துக்கொண்டு நெஞ்சுப் பக்கம் கோணலாகும். தெரியாத டெய்லர் கிடையாது. ஒரு நாள் தாமதமாகுமே என்று செய்யாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான். பக்கத் தையலில் ஒன்றரை இஞ்ச் துணி உள்ளே விட்டு மூன்று வரிசை அடித்திருப்பார், உடம்பு வைத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். என் கல்யாணப் பட்டு ஜாக்கெட்டை இரண்டாவது பிள்ளைக்குப் பிறகும் நான் போட்டது இதனால்தான். மிச்சத் துணியெல்லாம், கையளவுத் துண்டு வரை, ஒரு கவரில் போட்டு, உபரியாக ஒரு ஹூக்கும் குத்திக் கையில் தருவார்.

அவர் தையல் படித்தது சர்ச் நடத்திய தையல் வகுப்பில். இந்த ஊருக்கு அது புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷன் இங்கே வந்தபோது, மார்த்தா மால்ட் போன்ற மிஷனரி மனைவிமார்கள் பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்து லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார்கள். தலையணை மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸ். அதை விற்ற காசில் பள்ளிக்கூடம் நடந்தது, பெண்களின் கையில் சொந்தச் சம்பாத்தியம் வந்தது. அக்காவின் பாட்டி வழியில் யாரோ அந்த வேலை செய்தவர்களாம். அக்காவுக்கு அந்த லேஸ் வராது, கொக்கி ஊசியில் பின்னுகிற குரோஷா மட்டும் வரும்.

ஜாக்கெட் என்பதே இந்த ஊரில் சின்ன விஷயமில்லை. தென் திருவிதாங்கூராக இருந்த காலத்தில் நாடார் பெண்களும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் மேலாடை போடக் கூடாது என்று தடை இருந்தது. கிறிஸ்தவர்களான பெண்கள் மிஷன் வீடுகளில் தைத்த தொளதொளவென்ற குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள், அங்கே அது கிழிக்கப்பட்டது. தோள்சீலைக் கலகம் பல பத்தாண்டுகள் நடந்து, 1859இல்தான் மேலே துணி போடலாம் என்று திருவிதாங்கூர் அரசர் உத்தரவு போட்டார். அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி. அக்கா இதையெல்லாம் புத்தகத்தில் படித்தவரில்லை, வீட்டில் கேட்டவர். கழுத்துப் பட்டி கோணலாக வந்த ஒரு ஜாக்கெட்டைக் கற்றுக்கொள்ள வந்த பெண்ணிடம் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தபோது, "ஜாக்கெட்டுக்கு அடி வாங்கின ஊரு மக்களே இது, ஒழுங்கா தைக்காண்டாமா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தப் பெண் மூன்றாவது தடவையும் பிரித்தாள்.

இப்படிச் சொல்வதால் அவர் குறையே இல்லாதவர் என்று நினைக்க வேண்டாம். முதுகுப் பக்கம் கழுத்தை ஓர் அளவுக்கு மேல் இறக்க மாட்டார். நாங்கள் கல்லூரியில் படித்தபோது இதற்காகவே வேறு டெய்லரிடம் ஓடிய பெண்கள் உண்டு. "இதுக்கு மேல கத்திரி போவாது" என்பார், அதற்குமேல் பேச்சில்லை. ஓரத்தில் வைத்துத் தைக்கிற பைப்பிங்குக்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு ரசனை போதாது. நாம் சொல்லாமல் விட்டால் எல்லாவற்றுக்கும் மெரூன் வைத்துவிடுவார். சத்தமாகப் பேசுவார். துணி வியாபாரி மீட்டருக்கு இரண்டு ரூபாய் கூட்டிச் சொன்னால் தெருமுனை வரை கேட்கும்.

அடக்க ஆராதனையில் போதகர் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசினார். குணசாலியான ஸ்திரீ. கிறிஸ்தவ வீடுகளில் நல்ல மனைவி இறந்தால் அதைத்தான் வாசிப்பார்கள் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அக்கா அமைதியானவர், பொறுமையானவர், கணவருக்கு அடங்கி நடந்தவர் என்றெல்லாம் பிரசங்கம் போனது. நான் இந்து. ஆராதனையில் எங்கே எழ வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று பக்கத்து ஆளைப் பார்த்துத்தான் செய்தேன். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். அமைதியைப் பற்றி அதில் ஒன்றும் காணோம். அந்தப் பெண் துணி உண்டுபண்ணி விற்கிறாள், வியாபாரிகளுக்குச் சரக்குக் கொடுக்கிறாள், நிலத்தை விசாரித்து வாங்குகிறாள், ராத்திரி விளக்கு அணையாமல் வேலை செய்கிறாள். அது அப்படியே அக்காதான். மகளிர் குழுக் கடனில் மோட்டார் மெஷின் வாங்கி, கடனை முன்கூட்டியே அடைத்து, அடுத்ததாக ஓவர்லாக் வாங்கியவர். சொந்தக்காரர்களுக்கும் கடன் சொல்லித் தைக்க மாட்டார். பிரசங்கத்துக்கு எதற்கு 'அமைதி' தேவைப்பட்டது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பக்தியில் ஒளிவு மறைவு கிடையாது, அதே சமயம் யார் மேலும் திணிக்கவும் மாட்டார். சனிக்கிழமை சாயங்காலம் மெஷின்களுக்குத் துணி போட்டு மூடிவிட்டால் திங்கட்கிழமை காலைதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு என்றாலும், நாளைக் காலையில் தாலி கட்டு என்றாலும் அப்படித்தான். வரும்படியில் பத்தில் ஒன்றை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனியாகப் போடுவார். அதிலிருந்து சில்லறை எடுத்து மீதி கொடுக்கக்கூட மாட்டார், பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பி மாற்றி வருவார். ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். அந்த நேரத்தில் போய்விட்டால் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், உள்ளே வா என்று ஒரு நாளும் அழைத்ததில்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மட்டும், "உனக்க அம்மைக்காண்டி ஜெபிக்கேன், நீ ஒண்ணும் செய்யாண்டாம்" என்றார். அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் அதை ஒரு சாட்சியாகச் சொல்லிக் காட்டவில்லை. எப்படி இருக்கிறார் என்று கேட்டார், அதோடு சரி.

விலைப் பட்டியலில் இல்லாத வேலை ஒன்று உண்டு. அடக்கத்துக்கு உடுத்துவதற்கான வெள்ளை ஜாக்கெட். யார் வீட்டிலாவது பெண் ஒருவர் இறந்துவிட்டால், ராத்திரி எந்நேரமானாலும் கதவைத் தட்டலாம். தைத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டார். எந்தச் சபை, எந்த சாதி, கிறிஸ்தவர்தானா என்றும் கேட்க மாட்டார். வீட்டுக்காரர் இதைச் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் அண்ணன் என்போம். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு வாரமே அக்கா அவர் கையில் ஊசியைக் கொடுத்து ஹூக் வைக்கப் பழக்கிவிட்டார். மலைப் பாதைகளில் வண்டி ஓட்டிய மனுஷன், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருப்பார். தெருவில் கேலி செய்தவர்கள் உண்டு. அவர் ஹூக் வைத்தால் துணி கிழியுமே தவிர ஹூக் விழாது. இப்போதும் அந்த வேலை அவருடையதுதான்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகள் நர்ஸ், குவைத்தில் இருக்கிறார். மகன் வெளியூரில் வேலை, வாரக் கடைசியில் வந்துபோவார். கடையை இப்போது நடத்துவது மருமகள். பி.காம். படித்துவிட்டு, கல்யாணமாகி வந்த வீட்டில் தையல் கற்றுக்கொண்டவர். ஆரம்பத்தில் இவருக்கு அதில் விருப்பமில்லை என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அக்காவும் வற்புறுத்தவில்லை, கணக்கு எழுத மட்டும் சொன்னார். கணக்கு எழுத வந்தவர் துணி வெட்டுவதைப் பார்க்க ஆரம்பித்தார்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகு திருவனந்தபுரத்துக்குப் போய்ப் போய் வந்தார்கள். அந்த நாட்களில் அவரால் மிதிக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே வெட்டிக் கொடுப்பார். அப்போது அவர் உருப்படியாகச் செய்த வேலை, அளவு நோட்டுகளைத் திருத்தியது. அந்த நோட்டுகளில் எண்கள் மட்டும் இருக்காது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, ஒரு கோடு, ஒரு பெருக்கல் குறி என்று அவருக்கு மட்டும் புரிகிற அடையாளங்கள் இருக்கும். புள்ளி வைத்தால் இடது தோள் தாழ்வு. படுக்கைக் கோடு என்றால் கூன் விழுந்த முதுகு, பின்பக்கம் நீளம் கூட வேண்டும். வட்டத்துக்குள் புள்ளி என்றால் பால் கொடுக்கிறவள், முன்பக்கம் தளர்வாக விட வேண்டும். பெருக்கல் குறிக்கு அர்த்தம் 'இறுக்கமாகக் கேட்பாள், கொடுக்காதே' என்று மருமகள் சொன்னபோது சிரித்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதி, நோட்டு ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஒட்டிவைத்துவிட்டுத்தான் போனார். போன வருடம் ஈஸ்டர் முடிந்த சில வாரங்களில் இறந்தார்.

கடை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. திறந்த பிறகு நான் கொடுத்தது ஒரு சாதாரண ரூபியா துணி ஜாக்கெட், சோதனைக்காகத்தான். மருமகள் என்னை அளக்கும்போது அவரும் எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. தேதி எழுதினார், அந்தத் தேதிக்கே கொடுத்தார். கழுத்து நழுவவில்லை. அப்புறம் லைனிங் வைத்துப் பட்டு ஜாக்கெட் கொடுத்தேன், அதுவும் அளவில் குறை சொல்ல இடமில்லாமல் வந்தது. கைக்குழியில் அக்காவைவிட இவர் கை சுத்தம் என்றே சொல்வேன், கையைத் தூக்கினால் ஜாக்கெட் மேலே ஏறுவதில்லை. போட் நெக், பிரின்சஸ் கட் எல்லாம் இப்போது தைக்கிறார். முதுகு எவ்வளவு இறங்க வேண்டுமோ இறக்கித் தருகிறார். பைப்பிங் நிறமும் தேறிவிட்டது.

குறை எங்கே என்றால், கைத்தையலில். விளிம்பை மடித்துத் தைக்கும் எம்மிங் வேலையை இப்போது அண்ணனிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஹூக்குக்கு ஏற்ற கை எம்மிங்குக்கு ஆகவில்லை. ஊசி ஒவ்வொரு இடத்திலும் துணியைக் கொஞ்சம் அதிகமாகக் கவ்வுவதால் வெளிர் நிறப் பட்டில் சின்னச் சின்னப் புள்ளி தெரிகிறது. பட்டுக்கு எம்மிங்கை மருமகளே செய்ய வேண்டும் என்று துணி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அண்ணன் வருத்தப்பட மாட்டார், "எனக்கது வரல மக்களே" என்று அவரே சொல்லுவார்.

ஞானஸ்நான கவுன் இந்தக் கடையின் விசேஷம், அது இன்னும் குலையவில்லை. மெல்லிய மல் துணி, முன்னால் ஊசி மடிப்பு, காலுக்குக் கீழே ஒரு முழம் தொங்குகிற நீளம். குழந்தையின் தோலில் படுகிற இடத்தில் நெட் வைக்க மாட்டார்கள், மணிக்கட்டில் எலாஸ்டிக் கிடையாது, பின்னால் ஹூக்குக்குப் பதில் நாடா. பிள்ளை ஆராதனை முழுக்க அழுதால் அதற்குக் கவுன் காரணமாக இருக்கக் கூடாது என்பது அக்கா வைத்த சட்டம். அம்மாவின் கல்யாணப் புடவையைக் கொண்டுபோனால் அதிலிருந்தும் வெட்டித் தருகிறார்கள். இதற்கு மார்த்தாண்டத்திலிருந்துகூட ஆள் வருகிறது.

கல்யாண கவுன் விஷயத்தில் நான் தயங்குவதற்குக் காரணம் கை குறைவாக இருப்பதுதான். அக்காவும் கற்றுக்கொள்ள வந்த பெண்களுமாக மூன்று நான்கு பேர் உட்கார்ந்து தைத்த காலம் வேறு. இப்போது மருமகள் ஒருவர்தான் வெட்டித் தைக்கிறார். இரண்டு கல்யாணம் ஒன்றாக வந்தால் அவர் ராத்திரி முழுக்க விழிக்கிறார், கடைசி அடுக்கு நெட்டில் அந்தத் தூக்கம் தெரிகிறது. ஆரி வேலையை வெளியே கொடுத்து வாங்குகிறார்கள். போனது ஒன்று, வந்தது ஒன்றாக இருந்தது. அதற்கு நேரடியாக ஆரி போடுகிறவர்களிடமே போய்விடலாம்.

சாதா ஜாக்கெட் 250, லைனிங் வைத்தது 400, புடவைக்கு ஓரம் அடிக்கும் ஃபால்ஸ் பிக்கோ 120, ஞானஸ்நான கவுன் துணியோடு 1,200 ரூபாய். மணிமேடைப் பக்கத்துக் கடைகளைவிடக் குறைவுதான். ஜிபே இப்போது உண்டு. ஞாயிறு விடுமுறை, அதில் மாற்றமில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் அங்கேதான் இருக்கிறது, அதிலிருந்து சில்லறை கேட்காதீர்கள்.

கிறிஸ்துமஸுக்குத் தைக்க வேண்டுமென்றால் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா கொடியேறுவதற்கு முன், அதாவது நவம்பர் மூன்றாவது வாரத்துக்குள், துணியைக் கொடுத்துவிடுங்கள். டிசம்பர் 10க்கு மேல் யார் சிபாரிசு கொண்டுபோனாலும் வாங்குவதில்லை. முதல் தடவை போகிறவர்கள் அளவு ஜாக்கெட் எடுத்துப்போக வேண்டாம். அதைப் பார்த்து வெட்ட மாட்டார்கள், ஆள் நேரில் போனால்தான் நோட்டில் பெயர் ஏறும்.